தந்தையின் படமும் மகனின் நாவல்களும்: தோமஸ் ஹார்லன்

கலைஞர் ஒருவரின் படைப்புகளை அவரது குடும்பப் பின்னணியைக் கொண்டு அளவிடுவது பெரும்பாலும் நேர்மையான முறையாகாது. எனினும் ஜேர்மன் நாவலாசிரியரும் ஆவணப்பட இயக்குநருமான தோமஸ் ஹார்லனை (1929–2010) அவரது தந்தையை விட்டுவிட்டு நாம் விளங்கிக்கொள்ள முடியாது. அவரே அதற்கு இடமளிக்கவில்லை.

தந்தை ஃபைட் ஹார்லன், ஹிட்லரின் ஆட்சிக் காலத்தில் புகழின் உச்சியிலிருந்த திரைப்பட இயக்குநர். பிரசார அமைச்சர் கொயபெல்ஸின் விருப்பப்படி அவர் இயக்கிய ‘யூதன் ஸூஸ்’ 1940 செப்டம்பரில் வெனிஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 1738இல் தூக்கிலிடப்பட்ட யூத நிதி நிர்வாகி ஒருவரின் வரலாற்றைத் திரித்து, ஒரு முழுச் சமூகத்தையும் வெறுக்கத்தக்கதாகச் சித்திரித்த படம் அது. ஏறத்தாழ 2 கோடிப் பேர் அதனைப் பார்த்தனர். எஸ்.எஸ். படையினருக்கும் பொலிஸாருக்கும் அது காட்டப்பட வேண்டுமென ஹிம்லர் கட்டளையிட்டார். போருக்குப் பின்னர் மனித குலத்துக்கு எதிரான குற்றம் சுமத்தப்பட்ட ஃபைட் ஹார்லன், 1949இலும் மறுவிசாரணையில் 1950இலும் விடுதலை செய்யப்பட்டார். தாம் நிர்ப்பந்திக்கப்பட்டதாகவே அவர் வாதிட்டார்.

நீதிமன்றம் விடுவித்தவரை மகன் விடுவிக்கவில்லை. 1948இல் பாரிஸ் சென்ற தோமஸ், பின்னர் வார்ஸா யூதச் சேரியைப் பற்றி நாடகம் எழுதினார். 1960களின் தொடக்கத்தில் போலந்தின் ஆவணக் காப்பகங்களில் பல ஆண்டுகள் அமர்ந்து, மேற்கு ஜேர்மனியில் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்த நாஸிக் குற்றவாளிகளைப் பற்றிய ஆதாரங்களைத் திரட்டினார். அவ்வாதாரங்கள் பல வழக்குகளுக்கு உதவின. எழுதத் திட்டமிட்டிருந்த பெருநூலோ நிறைவுறவில்லை.

அவர் கமெராவைக் கையிலெடுத்தது 1975இல், போர்த்துக்கல்லில். முந்திய ஆண்டின் புரட்சி பல தசாப்த கால சர்வாதிகாரத்தை வீழ்த்தியிருந்தது. ரிபதேஜோ பிரதேசத்தில் லஃபோயெஸ் கோமகனுக்குச் சொந்தமான ‘டோரே பேலா’ எனும் பெரும் பண்ணையை ஏழைக் கிராமத்தவர்கள் கைப்பற்றினர். ஹார்லனின் படம் இதனையே பதிவுசெய்கிறது. அதில் ஒரு காட்சி மறக்கவியலாதது. கருவிகள் யாவும் இனிக் கூட்டுறவுக்கே உரியவை என்கின்றனர். ஒரு விவசாயி தம் கருவியை விட்டுக்கொடுக்க மறுக்கிறார். இன்று இது போனால் நாளை உடுத்த உடையும் போகுமோ என்பது அவரது அச்சம். பொதுவுடைமை குறித்த தடித்த நூல்கள் பலவற்றைவிட இந்தச் சில நிமிட வாக்குவாதம் நமக்கு அதிகம் உணர்த்துகிறது.

அதே படத்தில் மக்கள் கோமகனின் மாளிகைக்குள் புகுந்து அவரது ஆடைகளை அணிந்து பார்க்கின்றனர். இது தானாக நிகழ்ந்ததா? கமெரா அங்கிருந்ததால் நிகழ்ந்ததா? போர்த்துக்கேய இயக்குநர் ஜோசே பிலிப்பே கோஸ்டா 2011இல் ‘சிவப்புக் கோடு’ எனும் ஆவணப்படத்தில் இவ்வினாவை எழுப்பினார். ஹார்லன் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை என்பதே அதனால் தெளிவாகிறது. பொய்யுரைத்த கமெராவின் நிழலில் வளர்ந்தவரும் கமெராவின் வல்லமையை ஒதுக்கிவைக்கவில்லை என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

1984இல் வெளிவந்த ‘காயத்தின் தடம்’ இச்சிக்கலை மேலும் ஆழமாக்கியது. இளம் தீவிரவாதிகள் முதிய குற்றவாளி ஒருவரைக் கடத்தி விசாரிப்பதாக அமைந்த கற்பனைப் படம் அது. ஆனால் அம்முதியவராக நடித்தவர் நடிகரல்லர். 1941இல் லித்துவேனியாவிலும் பெலாரஸிலும் யூதர்களைக் கொன்றொழித்த படைப்பிரிவொன்றின் தளபதியாக இருந்த அல்ஃப்ரெட் ஃபில்பர்ட் அவர். 1962இல் ஆயுள் தண்டனை பெற்று, 1975இல் விடுவிக்கப்பட்டவர். இப்படப்பிடிப்பையே அமெரிக்க இயக்குநர் ரொபர்ட் கிரேமர் ‘எங்கள் நாஸி’ என இன்னொரு படமாக்கினார். அதில் கேள்வி கேட்போரின் சினம் எல்லை கடப்பதை நாம் காண்கிறோம். நீதி எங்கே முடிந்து பழிவாங்கல் எங்கே தொடங்குகிறது என்ற வினாவுக்கு இரு படங்களும் விடை தருவதில்லை. ஹார்லனைத் தூயவராகக் காட்ட முனைவோர் கிரேமரின் படத்தை அவசியம் பார்க்க வேண்டும்.

நாவலுக்கு அவர் வந்தபோது வயது எழுபதைக் கடந்திருந்தது. ‘ரோஸா’ (2000), 1941 டிசம்பரிலிருந்து நச்சுவாயு வாகனங்களில் குறைந்தது ஒன்றரை இலட்சம் பேர் கொல்லப்பட்ட குல்ம்ஹோஃப் மண்ணைக் களமாகக் கொண்டது. ‘வீரர் மயானம்’ (2006), போலந்தின் கொலை முகாம்களை நடத்திவிட்டு 1943இல் இத்தாலியின் திரியெஸ்தே நகருக்கு அனுப்பப்பட்டவர்களைத் தொடர்கிறது. அவர்களுள் ஒருவரான பெல்செக் முகாமின் முதல் தளபதி கிறிஸ்தியன் விர்ட், இன்றும் இத்தாலியின் கொஸ்தெர்மானோவிலுள்ள ஜேர்மன் போர்வீரர் மயானத்திலேயே அடக்கப்பட்டுள்ளார் என்பதை அறிந்தால் தலைப்பின் கசப்பு புரியும். காப்பகக் குறிப்புகளும் கற்பனையும் பின்னிப் பிணைந்த இந்நாவல்கள் வாசிப்பதற்கு எளியவையல்ல. சில இடங்களில் தேவைக்கு மீறியும் இருண்டிருக்கின்றன என்பதே நமது கருத்து.

இறுதி ஆண்டுகளை அவர் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், பெர்க்டெஸ்காடன் பகுதியின் நுரையீரல் நோய் மருத்துவமனையொன்றில் கழித்தார். ஹிட்லரின் மலை இல்லம் இருந்த ஒபர்ஸால்ஸ்பேர்க்கும் அப்பகுதியிலேயே உள்ளது. அங்கிருந்தபடி, 1964இல் காப்ரித் தீவில் மறைந்த தந்தையை நோக்கி ஒரு நீண்ட மடலைச் சொல்லி எழுதுவித்தார். ‘ஃபைட்’ எனும் பெயரில் அது 2011இல், அவர் மறைந்த அடுத்த ஆண்டு, நூலாக வெளிவந்தது. வாழ்நாள் முழுதும் தந்தையைக் குற்றஞ்சாட்டிய மகன், அம்மடலில் தந்தை ஏற்க மறுத்த குற்றத்தைத் தன் தோள்மீது ஏற்றுக்கொள்கிறார்.