எட்டுப் பேருக்கு ஒரு வீடு: பகாவ் கணக்கு

ஒரு பையன், ஏழு பெண்கள், ஒரே வீடு. ஏழு பேரில் ஒருத்திகூட மனிதப் பெண் இல்லை. ஜப்பானியரான ஒகயாடோ 2012இல் வரையத் தொடங்கிய ‘மான்ஸ்டர் முசுமே’ மங்கா இது. 2015இல் 12 அத்தியாய அனிமேயாக வந்தது. பையன் கிமிஹித்தோவின் வீட்டில் பாம்புடல் மியா, பறவைச் சிறகு பப்பி, குதிரையுடல் சென்டோரியா, கூழுடல் சூ, கடற்கன்னி மெரோ, சிலந்தியுடல் ரக்னெரா, தலை தனியாகக் கழலும் லாலா. காதல் கூத்தைவிட எனக்குப் பிடித்தது வீட்டுப் பிரச்சினைதான். இவர்களுக்கு இடமும் சோறும் எங்கிருந்து வரும்?

கதையில் வீட்டை மாற்றிக் கட்டும் செலவை அரசாங்கம் ஏற்கிறது. மலேசியாவின் பகாவ் ஊர்ச் செம்பனைத் தோட்டத்தில் அதே குடும்பம் இருந்தால்?

மலேசியாவின் 2020 விதிப்படி, விடுதி அல்லாத தொழிலாளர் தங்குமிடத்தில் தூங்கும் இடம் ஆளுக்கு 3.6 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. எட்டுப் பேருக்கு 28.8. ஆனால் குதிரைக்கு வழக்கமான கொட்டடி 12 அடிக்கு 12 அடி, அதாவது 13.4 சதுர மீட்டர். சென்டோரியா ஒருத்தியே ஏறக்குறைய நாலு பேர் இடத்தை எடுத்துக்கொள்கிறாள். மெரோவுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் தொட்டி வைத்தால் தண்ணீர் 6,000 லிட்டர், தரை 6 சதுர மீட்டர். மற்ற ஆறு பேருக்கு 21.6. மொத்தம் 41. மியாவின் வாலை இதில் சேர்க்கவில்லை.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சேமநிதிக்கு 11 விழுக்காடு, 187 ரிங்கிட், போனால் மீதி 1,513. சூவுக்குத் தண்ணீரே பிரதானம். சென்டோரியாவைத் தனியே வைப்போம். மற்ற ஆறு பேருக்கு நாளுக்கு 300 கிராம் அரிசி என்றால் மாதம் 54 கிலோ, கிலோ 2.60 வீதம் 140 ரிங்கிட் 40 சென். இது தாங்கும். 500 கிலோ குதிரையோ நாளுக்கு எடையில் 2 விழுக்காடு, 10 கிலோ தீனி தின்னும். மாதம் 300 கிலோ. செம்பனை மரங்களுக்கு இடையே மாடு மேய்வது இங்கே பழகிய காட்சி, புல் இலவசம். ஆனால் வீராங்கனை ஒருத்தியைப் புல் மேயச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் இந்தக் கதை புதிதல்ல. 1944இல் கோவை பட்சிராஜா படமாக ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய ‘ஜகதலப்பிரதாபன்’ நாயகனுக்கு இந்திரகுமாரி, நாககுமாரி, அக்னிகுமாரி, வருணகுமாரி என நாலு மனைவியர். நாயகனாக நடித்தவர் பி. யு. சின்னப்பா. பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஐந்து சின்னப்பாக்கள் ஒரே காட்சியில் தோன்றினார்கள். போர்க்காலத்தில் படச்சுருளுக்கு உச்சவரம்பு 11,000 அடி. நிமிடத்துக்கு 90 அடி வீதம் 122 நிமிடம், மனைவிக்கு அரை மணி. அனிமேயில் 24 நிமிடம் வீதம் 288 நிமிடம், ஆளுக்கு 41. அந்த ஆண்டு மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்தது. தமிழகப் படம் பகாவுக்கு வர வழியில்லை.

பிரதாபன் அரசகுமாரன். அக்னிகுமாரியின் அடுப்புக்கும் வருணகுமாரியின் குளத்துக்கும் யார் செலவழித்தார்கள் என்று கதை கேட்கவில்லை. ஜப்பானியக் கதை கேட்டது. அதனால்தான் அதில் சிரிப்பும் பாசமும் கூடுகின்றன. நம் எழுத்தாளர் யாராவது இதைத் தோட்ட வீட்டுக்குக் கொண்டுவந்தால், முதல் சண்டை 6,000 லிட்டர் தொட்டியை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் தொடங்கட்டும்.