காரின் மைலேஜை உயர்த்துவது எப்படி? கருவிகளை விடக் கைகொடுக்கும் ஓட்டும் பழக்கம்

புதுதில்லி: விளம்பரத்தில் அறிவிக்கப்படும் மைலேஜுக்கும் சாலையில் உண்மையில் கிடைக்கும் மைலேஜுக்கும் இடையிலான இடைவெளி, இந்தியாவில் கார் வைத்திருக்கும் குடும்பங்களின் நீண்டகால மனக்குறையாகும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாடெங்கும் விற்பனைக்கு வந்த பிறகு இக்குறை மேலும் வலுத்துள்ளது. இச்சூழலில் எரிபொருளைச் சேமிப்பதாகக் கூறும் கருவிகளும், என்ஜினின் மென்பொருளை மாற்றித் தருவதாகக் கூறும் பணிமனைகளும் வாகன உரிமையாளர்களை ஈர்த்து வருகின்றன.

எனினும், மைலேஜை உயர்த்தும் வழிகளில் பெரும் பலன் தருபவை பணம் கொடுத்து வாங்கும் பொருள்கள் அல்ல. ஓட்டும் முறை, டயரின் காற்றழுத்தம், காரில் சுமக்கப்படும் எடை ஆகிய மூன்றுமே முதன்மையானவை. காரில் செய்யப்படும் மாற்றங்களில் பல, மைலேஜைக் குறைப்பதுடன் சட்டச் சிக்கலையும் உண்டாக்கக் கூடியவை.

அறிவித்த மைலேஜ் சாலையில் கிடைக்காதது ஏன்?

கார் நிறுவனங்கள் அறிவிக்கும் மைலேஜ், அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்புகளால் ஆய்வகத்தில் அளவிடப்படுவது. மகாராஷ்டிர மாநிலம் புணேயில் இயங்கும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் அத்தகைய அமைப்புகளில் ஒன்று. உருளைகளின் மீது நிறுத்தப்பட்ட கார், வரையறுக்கப்பட்ட ஒழுங்கின்படி ஏறத்தாழ 20 நிமிடங்கள் இயக்கப்படுகிறது. 'திருத்தப்பட்ட இந்திய ஓட்டுச் சுழற்சி' எனப்படும் இம்முறையில் அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் மட்டுமே. ஏசி இயக்கப்படுவதில்லை. வாகன நெரிசலும் மேடுபள்ளமும் இல்லை.

எனவே இந்த எண், ஒரு காரை மற்றொரு காருடன் ஒப்பிடுவதற்கான அளவுகோலே தவிர, ஒவ்வொரு உரிமையாளருக்கும் அளிக்கப்படும் உறுதிமொழி அல்ல.

முதலில் அளவிட வேண்டும்

மைலேஜை உயர்த்த விரும்புவோர், தற்போது எவ்வளவு கிடைக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் குழாய் தானாக நிற்கும் வரை தொட்டியை நிரப்பி, ஓடோமீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் மீண்டும் அதே முறையில் நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டர் அளவால் வகுக்க வேண்டும். 480 கிலோமீட்டருக்கு 32 லிட்டர் செலவானால் மைலேஜ் 15 ஆகும்.

ஒரே ஒரு முறை அளந்து முடிவுக்கு வருவது சரியன்று. தொடர்ந்து மூன்று அல்லது நான்கு முறை அளந்து சராசரி காண்பதே நம்பகமானது. எந்த மாற்றம் பலன் தந்தது, எது தரவில்லை என்பதையும் இந்தக் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

அதிகப் பலன் தரும் பழக்கம் எது?

சீரான வேகத்தில் ஓட்டுவதே. வேகமெடுப்பதற்காக எரிக்கப்பட்ட எரிபொருளின் ஆற்றல், பிரேக்கை அழுத்தும் ஒவ்வொரு முறையும் வெப்பமாக மாறி வீணாகிறது. எதிரே சிக்னல் சிவப்பாக இருப்பது தெரிந்தும் ஆக்சிலரேட்டரை அழுத்திச் சென்று, அருகில் போய்ப் பிரேக் பிடிப்பவர் பெட்ரோலைப் பிரேக் பட்டைகளில் கரைக்கிறார்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீட்டின்படி, திடீரென வேகமெடுத்துத் திடீரெனப் பிரேக் பிடிக்கும் பழக்கம் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம் வரையும், நின்று நின்று செல்லும் நகரப் போக்குவரத்தில் 10 முதல் 40 சதவீதம் வரையும் மைலேஜைக் குறைக்கக் கூடும். இதற்கு இணையான பலனைத் தருவதாக மெய்ப்பிக்கப்பட்ட கருவி எதுவும் சந்தையில் இல்லை.

முன்செல்லும் வாகனத்துடன் போதிய இடைவெளி விடுவதும், தொலைவிலேயே நிலைமையைக் கணித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதும் இதற்கான எளிய வழிகள். கையால் கியர் மாற்றும் கார்களில், என்ஜின் திணறாத அளவுக்கு விரைவாக அடுத்த கியருக்கு மாறுவதும், கிளட்சின் மீது காலை வைத்தபடி ஓட்டுவதைத் தவிர்ப்பதும் உதவும்.

எந்த வேகம் சிக்கனமானது?

பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுமாறு நீண்ட காலமாக அறிவுறுத்தி வருகிறது.

இதன் பின்னணியில் இருப்பது காற்றின் எதிர்ப்பு. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டராக உயரும்போது இவ்விசை ஏறத்தாழ 56 சதவீதம் அதிகரிக்கிறது. 120 கிலோமீட்டரை எட்டும்போது இரண்டே கால் மடங்காகிறது. விரைவுச் சாலைகளில் கார்களுக்கு 120 கிலோமீட்டர் வரை சட்டம் அனுமதித்தாலும், அந்த வேகத்துக்கான விலையை எரிபொருளாகச் செலுத்த வேண்டியுள்ளது.

அதற்காக விரைவுச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்வது பின்னால் வருவோருக்கு ஆபத்தானது. 100 கிலோமீட்டருக்குப் பதிலாக 80 கிலோமீட்டரில், உரிய தடத்தில், சீராகச் செல்வதே நடைமுறைக்கு ஏற்றது.

இறக்கத்தில் நியூட்ரல் போடுவது பலன் தருமா?

மலைப்பாதைகளில் இறங்கும்போது கியரை நியூட்ரலில் வைத்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை நாடெங்கும் பரவலாக உள்ளது. கார்புரேட்டர் பொருத்தப்பட்ட பழைய கார்களின் காலத்தில் இதில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். தற்போதைய கார்களுக்கு இது பொருந்தாது.

எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பு கொண்ட இன்றைய என்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், கணினிக் கட்டுப்பாடு எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. சக்கரங்களே என்ஜினைச் சுழலச் செய்கின்றன. நியூட்ரலில் வைத்தாலோ, என்ஜின் தொடர்ந்து இயங்குவதற்குச் சிறிதளவு எரிபொருள் செலவாகிறது. சேமிப்பதாக நினைத்துச் செய்யும் செயல், செலவையே கூட்டுகிறது.

அதைவிட முக்கியமானது உயிராபத்து. நியூட்ரலில் இறங்கும் காருக்கு என்ஜினின் தடுப்பு விசை கிடைக்காது. முழுச் சுமையும் பிரேக்கின் மீதே விழுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் அளவுமீறிச் சூடேறினால் அதன் பிடிப்புத் திறன் குறைந்து, கார் கட்டுப்பாட்டை இழக்க நேரிடும்.

நின்றிருக்கும் காரும் பெட்ரோல் குடிக்கும்

ஓடாமல் நிற்கும் கார், என்ஜின் இயங்கும் நேரம் முழுவதும் பூஜ்ஜிய மைலேஜையே தருகிறது. பத்து வினாடிகளுக்கு மேல் நிற்க நேர்ந்தால், என்ஜினை அணைத்து மீண்டும் இயக்குவதே குறைந்த எரிபொருளைச் செலவிடும் என அமெரிக்க எரிசக்தித் துறை தெரிவிக்கிறது. சிவப்பு விளக்கு எரியும்போது என்ஜினை அணைக்குமாறு வலியுறுத்தி, காற்று மாசைக் குறைக்கும் நோக்கில், தில்லி அரசு 2020ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது நினைவுகூரத்தக்கது.

ஏசியின் பங்கும் கணிசமானது. வெயிலில் நிறுத்தப்பட்டிருந்த காரில், முதலில் கண்ணாடிகளை இறக்கி வெப்பக் காற்றை வெளியேற்றிய பின் ஏசியை இயக்கினால் அதன் சுமை குறையும். நகரில் மெதுவாகச் செல்லும்போது கண்ணாடிகளைத் திறந்து வைப்பது சிக்கனம். நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த கண்ணாடிகள் காற்றின் எதிர்ப்பைக் கூட்டுவதால், அங்கு அவற்றை மூடி வைப்பதே ஏற்றது.

டயரும் எடையும்

காற்றழுத்தம் குறைந்த டயர், சாலையில் அதிகமாக நசுங்கி உருளுவதற்குக் கூடுதல் ஆற்றலைக் கோருகிறது. நான்கு டயர்களின் சராசரி அழுத்தத்தில் குறையும் ஒவ்வொரு பிஎஸ்ஐ அளவுக்கும் மைலேஜ் ஏறத்தாழ 0.2 சதவீதம் குறைவதாக அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கிட்டுள்ளது. இது சிறிய அளவாகத் தோன்றினாலும், பல மாதங்கள் கவனிக்கப்படாத டயர்களில் இழப்பு பெருகுகிறது. டயரும் சீரற்றுத் தேய்கிறது; வெடிக்கும் அபாயமும் கூடுகிறது.

சரியான அழுத்தம் எவ்வளவு என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் உயர்ந்து காட்டும் என்பதால், பயணத்தைத் தொடங்குவதற்கு முன்போ சிறிது தூரம் ஓட்டிய உடனேயோ சோதிக்க வேண்டும்.

மேற்கூரையில் பொருத்தப்படும் பெட்டி, நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை மைலேஜைக் குறைக்கக் கூடும். பயணம் முடிந்ததும் அதைக் கழற்றி வைப்பதே ஒரு சேமிப்பு. டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் தேவையற்ற பொருள்களுக்கும் இது பொருந்தும்.

மாற்றங்கள்: எவை கூடும், எவை கூடா?

தோற்றத்துக்காகச் செய்யப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவை மைலேஜுக்கு எதிரானவை. அகலமான டயர்களும் பெரிய சக்கரங்களும் எடையையும் உருளும் எதிர்ப்பையும் கூட்டுகின்றன. முன்புறத்தில் பொருத்தப்படும் இரும்புத் தடுப்புச் சட்டங்கள் எடையைக் கூட்டுவதுடன் பாதசாரிகளுக்கும் ஆபத்தானவை. இவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடை செய்கிறது. இத்தடையை 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

சிஎன்ஜி எரிவாயு அமைப்பைப் பின்னர் பொருத்திக்கொள்ள அனுமதி உண்டு. எனினும், அது அங்கீகரிக்கப்பட்ட அமைப்பாக இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் மாற்றம் குறிக்கப்பட வேண்டும். எரிவாயு உருளையை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தங்கள், டேஷ்போர்டின் அடியில் செருகும் சிறு கருவிகள் ஆகியவை குறித்து எச்சரிக்கை தேவை. நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய பொருள்களை ஆராய்ந்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்த்தும் பொருள் எதையும் காணவில்லை. உயர் ஆக்டேன் கொண்ட பிரீமியம் பெட்ரோலும், அதற்காக வடிவமைக்கப்படாத காரில் கூடுதல் விலைக்கு ஏற்ற மைலேஜைத் தருவதில்லை.

மாறாக, நிறுவனம் பரிந்துரைத்த தரத்திலான என்ஜின் ஆயிலைப் பயன்படுத்துவதும், பழுதான ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதும், சக்கரங்களின் நேர்க்கோட்டைச் சரிபார்ப்பதும் உறுதியான, சட்டத்துக்கு உட்பட்ட வழிகள்.

இ20 பெட்ரோலால் எவ்வளவு இழப்பு?

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே எத்தனால் கலப்பு மைலேஜை ஓரளவு குறைப்பது இயல்பே. இ10 எரிபொருளுக்காக வடிவமைக்கப்பட்டு இ20 எரிபொருளுக்கு ஏற்பச் சீரமைக்கப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதமும், பிற கார்களில் 3 முதல் 6 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்தியப் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கமளித்தது.

இந்த இழப்பைக் கார் உரிமையாளரால் தவிர்க்க இயலாது. ஆனால், பதற்றமான ஓட்டத்தால் நேரும் இழப்பு இதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கக் கூடும் என்பதால், அதை ஈடுகட்டும் வாய்ப்பு அவர் கையிலேயே உள்ளது.

சேமிப்பு எவ்வளவு?

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் மைலேஜ் எனில் 800 லிட்டர் பெட்ரோல் தேவை. மைலேஜ் 17 ஆக உயர்ந்தால் தேவை 706 லிட்டராகக் குறையும். பெட்ரோலின் விலை லிட்டருக்கு 100 ரூபாய் எனக் கொண்டால், ஆண்டுச் சேமிப்பு ஏறத்தாழ 9,400 ரூபாய்.

கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், இச்சேமிப்பு குடும்ப வரவுசெலவுடன் நின்றுவிடுவதில்லை. இதற்குப் பணிமனைக்கும் செல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை பெட்ரோல் நிரப்பும்போது டயர்களின் அழுத்தத்தைச் சரிபார்த்து, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, சீராக ஓட்டத் தொடங்கினால் போதும். இரண்டொரு மாதங்களில் கணக்கே பலனைக் காட்டிவிடும்.