“18 முடியட்டும், அப்புறம் வாம்மா!” டாக்டர் கையைக் கட்டுவது எது?

கொடுங்கையூரில் ஒரு வீடு. முத்தமிழ் நகர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டில் 15 வயதுப் பிள்ளை. ஊர் கண்ணுக்குப் பையன். ஒரு நாள் ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு, அம்மா பக்கத்தில் வந்து உட்காருகிறது.

“அம்மா, நான் பையன் இல்லேம்மா. பொண்ணு.”

இதைக் கேட்டு விளக்குமாற்றை எடுக்கிற வீடுகள் உண்டு. பிள்ளை வீட்டை விட்டு ஓடியதும், தந்தி கம்பத்தில் போட்டோ ஒட்டித் தேடுகிற வீடுகளும் உண்டு. இந்தத் தாய் அடிக்கவில்லை. மறுநாள் காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். ஆஸ்பத்திரிக்கு.

“வயசு என்னம்மா?”

“பதினஞ்சு சார்.”

“பதினெட்டு முடியட்டும். அப்புறம் வாம்மா.”

அவ்வளவுதான். சீட்டில் ஒரு எழுத்து இல்லை. அடுத்த நோயாளி உள்ளே வந்தாயிற்று.

தாயும் பிள்ளையும் நாம் கற்பனை செய்தவர்கள். ஆனால் டாக்டர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் சட்டங்கள் கற்பனை அல்ல. அவர் கல்நெஞ்சக்காரரும் அல்ல. அவருக்குப் பயம். எதைக் கண்டு பயம்?

முதல் இடம்!

1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் 320-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. “கொடுங்காயம்” என்றால் எது எது என்று அது பட்டியல் போட்டது. கண் போவது, காது போவது, எலும்பு முறிவது எல்லாம் பின்னால்தான். முதல் இடத்தில் இருந்தது ஆண்மை நீக்கம்!

2024 ஜூலை 1-ந் தேதி அந்தச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பிரிவின் எண் 116 என்று மாறியது. பட்டியலில் முதல் இடம் மட்டும் மாறவில்லை.

அப்படியானால் கத்தி எடுக்கும் டாக்டர் எல்லாம் குற்றவாளியா? இல்லை. நோயாளியின் நன்மைக்காக, நல்ல எண்ணத்தோடு, அவருடைய சம்மதத்தோடு செய்தால் குற்றம் இல்லை என்று அதே சட்டம் கதவு திறந்து வைத்திருக்கிறது. வயது வந்த திருநங்கைகளுக்கு அந்தக் கதவு பயன்பட்டது. 2008-ல் நல வாரியம் அமைத்த தமிழ்நாடு, சென்னை ஜி.எச்.சிலும் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியிலும் இந்த ஆபரேஷனை இலவசமாகவே செய்ய ஏற்பாடு செய்தது.

சிக்கல் எல்லாம் வயசில்தான்.

12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் சம்மதத்தைத் தண்டனைச் சட்டம் ஏற்பதில்லை. பெற்றோர் சம்மதம் தரலாம். ஆனால் கொடுங்காயம் என்ற வகையில் வருகிற காரியத்துக்கு, உயிரைக் காக்கவோ பெரிய வியாதியைக் குணப்படுத்தவோ இருந்தால்தான் அந்தச் சம்மதம் செல்லும். 18 முடிந்தவர் தன் கையெழுத்தைத் தானே போடலாம். நடுவில் இருக்கிற ஆறு வருஷம்? 12 வயது ஆனால் சம்மதம் தரத் தெரியும் என்கிறது ஒரு சட்டம். 18 ஆகாதவன் போட்ட கையெழுத்து ஒப்பந்தத்துக்கு உதவாது என்கிறது இன்னொரு சட்டம். நாளைக்குக் கோர்ட்டு எதைப் பிடித்துக்கொள்ளும்? டாக்டர் எதற்கு வம்பு என்கிறார்.

நஷ்டஈடு

ஜெயில் பயம் ஒரு பக்கம். பணப் பயம் இன்னொரு பக்கம்.

1995 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. டாக்டர் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. அன்றிலிருந்து தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு நுகர்வோர் கோர்ட்டு என்றால் நடுக்கம். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றும் அதே தீர்ப்புச் சொன்னது. ஆக, ஸ்டான்லிக்குப் போகிற நம் ஊர்க்காரருக்கு நுகர்வோர் கோர்ட்டு கிடையாது, சிவில் கோர்ட்டுதான்.

2008-ல் வந்த தீர்ப்பு இன்னும் கடுமை. டெல்லியில் ஒரு பெண்ணுக்கு உள்ளே பார்த்துச் சொல்ல மட்டும் சம்மதம் வாங்கியிருந்தார்கள். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயாரிடம் கேட்டுவிட்டுக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். செல்லாது என்றது சுப்ரீம் கோர்ட்டு. வயது வந்தவர் உடம்புக்குப் பெற்ற தாய் சொல்லும் “சரி”கூடப் போதாது! டாக்டர் ரூ.25 ஆயிரம் நஷ்டஈடு தரவேண்டி வந்தது.

இன்னொன்றும் உண்டு. வயது வந்தவர் சிவில் வழக்குப் போட வேண்டுமானால் கெடு அன்றே ஓட ஆரம்பித்துவிடும். பிள்ளைக்கு அப்படி அல்ல. 18 முடிந்த பிறகுதான் கெடுவே ஓடும். இன்று 15 வயதில் வைத்தியம் பார்த்த பிள்ளை, மூன்று வருஷம் கழித்து வக்கீலோடு வந்து நிற்கலாம். தாய், தகப்பன் போட்ட கையெழுத்து அப்போது எவ்வளவு தாங்கும்?

கோர்ட்டு உத்தரவு கேட்ட டாக்டர்கள்

இந்தப் பயம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு 2023-ல் கேரளத்தில் நடந்ததைச் சொல்லலாம். ஏழு வயதுக் குழந்தை. பிறவியிலேயே ஆண், பெண் என்று தெளிவாகச் சொல்ல முடியாத உறுப்பு. பெண்ணாக வளர்க்க ஆசைப்பட்ட பெற்றோர் ஆபரேஷனுக்கு அலைந்தார்கள். செய்யலாம் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். ஆனால் கோர்ட்டு உத்தரவு இல்லாமல் கத்தியைத் தொட ஒருவரும் தயாராக இல்லை!

பெற்றோர் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். ஆகஸ்டில் நீதிபதி வி.ஜி.அருண் தீர்ப்புச் சொன்னார். அனுமதி இல்லை. குழந்தையின் சம்மதம் இல்லாமல் செய்வது அதன் மானத்தைப் பறிப்பது என்றார். பல துறை டாக்டர்கள் கொண்ட குழு குழந்தையைப் பார்க்கட்டும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் செய்யட்டும் என்று உத்தரவிட்டார்.

டாக்டர்களின் பயம் ஒரு குழந்தையைக் காப்பாற்றியது என்றே சொல்லவேண்டும். பயத்திலும் நல்லது உண்டு!

நம் மாநிலம் இதில் முந்திக்கொண்டது. 2019 ஏப்ரலில் ஐகோர்ட்டு மதுரைக் கிளைக்கு ஒரு கல்யாண வழக்கு வந்தது. தூத்துக்குடியில் திருநங்கை ஒருவரை ஒருவர் கோவிலில் தாலி கட்டினார். பதிவு செய்ய ரிஜிஸ்திரார் மறுத்தார். திருநங்கையும் மணமகளே என்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அதோடு நிறுத்தவில்லை. இரண்டும் கலந்த உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து ஒரு பக்கம் சேர்த்துவிடும் வழக்கத்தைத் தடை செய்யச் சொன்னார். பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்றார். அந்த ஆகஸ்டிலேயே 355-ம் எண் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்து என்று குழு சொன்னால் ஒழிய அந்த ஆபரேஷன் கூடாது. மால்டா நாடு 2015-ல் செய்ததை இந்தியாவில் முதலில் செய்தது தமிழ்நாடு.

வேடிக்கையைப் பாருங்கள். வாய் திறக்கத் தெரியாத சிசுவை, யாரும் கேட்காமலே வெட்டித் தைத்தார்கள். அப்போது எந்த வழக்குப் பயமும் டாக்டர் கையைப் பிடிக்கவில்லை. தனி அரசாணை போட வேண்டியிருந்தது. வாய் திறந்து “நான் பொண்ணு” என்று சொல்லும் 15 வயதுப் பிள்ளை வந்தால் மட்டும், பேசக்கூட நேரம் இல்லை!

அமெரிக்காவில்...

வழக்குப் பயத்தையே ஆயுதமாக எடுத்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 18 வயதுக்குக் கீழே இந்த வைத்தியமே கூடாது என்று 2021-ல் தடை போட்டது. கோர்ட்டு அதை நிறுத்தி வைத்தது. மாநிலம் சும்மா இருக்கவில்லை. 2023-ல் வேறு சட்டம் கொண்டுவந்தது. சிறுவருக்கு வைத்தியம் செய்த டாக்டர் மீது, அந்தப் பிள்ளைக்கு 18 முடிந்து 15 வருஷம் வரை வழக்குப் போடலாம்! அங்கே மற்ற வைத்தியங்களுக்கு இரண்டே வருஷம்தான் கெடு. பிள்ளைக்கு 33 வயது ஆகும்வரை தலைக்கு மேல் கத்தி தொங்கினால் எந்த டாக்டர் மாத்திரை எழுதுவார்? பிறகு 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு டென்னசி மாநிலத் தடையைச் செல்லும் என்றது. ஆர்கன்சா தடைக்கும் அப்பீல் கோர்ட்டில் உயிர் வந்தது.

டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பருவ வளர்ச்சியைத் தள்ளிப்போடும் மருந்து இந்தப் பிள்ளைகளின் தவிப்பைக் குறைக்கும் என்கிறார்கள் ஒரு சாரார். சான்று போதாது என்கிறார்கள் இன்னொரு சாரார். பிரிட்டன் 2024 டிசம்பரில், ஆராய்ச்சிக்குத் தவிர, அந்த மருந்தைச் சிறுவருக்குக் கொடுப்பதைக் காலவரையின்றி நிறுத்தியது.

ஆபரேஷனுக்கு 18 வரை பொறு என்பதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. வெட்டியது திரும்ப வராது. என் வருத்தம் வேறு.

பில் இல்லாத வைத்தியம்

டாக்டர் கதவைச் சாத்தினால் பிள்ளை சும்மா உட்காருமா? மருந்துக் கடைக்குப் போகிறது. கருத்தடை மாத்திரை வாங்கி, யாரோ சொன்ன கணக்கில் முழுங்குகிறது. மார்பு வருமாம்! ஈரலுக்கும் ரத்தக் குழாய்க்கும் என்ன ஆகும் என்று சொல்ல ஆள் இல்லை. அடுத்தது “தாயம்மா” கை. மயக்க மருந்து இல்லாமல், ராத்திரியில், கத்தியால் முடிக்கிற பழைய முறை. ரத்தம் நிற்காமல் செத்தவர்கள் உண்டு. அங்கே சம்மதப் பத்திரம் ஏது? யார் மீது நுகர்வோர் வழக்குப் போடுவது? பட்டம் வாங்கிய டாக்டரைப் பிடிக்கிற சட்டம், பட்டம் இல்லாதவர் வீட்டு வாசலை எட்டிக்கூடப் பார்ப்பது இல்லை.

டாக்டர் பயப்படவே தேவையில்லாத ஒரு வைத்தியம் இருக்கிறது. உட்காரவைத்துப் பேசுவது. பள்ளியில் அடிக்கிறார்களா, தூங்குகிறாயா, சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்பது. அதில் கொடுங்காயம் எங்கே வந்தது? ஆனால் “திருத்தித் தருகிறேன்” என்று கிளம்புகிற டாக்டர்தான் இப்போது மாட்டுவார். அப்படி மாற்ற முயலும் வைத்தியம் கூடாது என்று சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021-ல் உத்தரவிட்டார். அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது.

நம் கொடுங்கையூர்த் தாய்க்கு இதெல்லாம் தெரியாது. மூலக்கடை தாண்டிப் பஸ் போகிறது. பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறது. “இன்னும் மூணு வருஷமாம்” என்கிறாள் அம்மா. பதில் இல்லை. அடுத்த தடவை போனால், அவள் முதல் வார்த்தையாகவே இதைச் சொல்லிவிடலாம்:

“ஆபரேஷன் கேக்க வரல சார். பேசத்தான் வந்தோம்.”