வைக்கோல் போர் எந்தப் பக்கம் இருக்கணும்?

இயற்கை விவசாயி எதையும் கொளுத்துவதில்லை. கரும்புச் சோகையை மூடாக்காகப் போடுகிறோம், தென்னை மட்டையை வரப்போரம் அடுக்குகிறோம், வைக்கோலை ஒரு துரும்பு விடாமல் வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் இதனால் காய்ந்த பொருள் வருஷம் முழுக்க நம்ம பண்ணையில்தான் அதிகம் கிடக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் அதற்கு ஒரு பொறி போதும்.

டவுனில் என்றால் தீயணைப்பு வண்டி சீக்கிரம் வந்துவிடும். நமக்குத் தாலுகா தலைமையிடத்திலிருந்து கிளம்பி, மண் ரோட்டில் திரும்பி வரவேண்டும். கீற்றுக் கூரை அதுவரை காத்திருக்காது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில், சமையல் கொட்டகையில் பிடித்த தீ வகுப்பறைக் கீற்றுக்குத் தாவி 94 குழந்தைகள் போனதை நாம் மறக்கவில்லை. அதனால் முதல் பத்து நிமிஷம் வீட்டில் இருப்பவர்கள் கையில்தான். பண்ணையைத் திட்டமிடும்போதே இதையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

முதலில் வைக்கோல் போர். மாட்டுக்கு அள்ளிப்போட வசதி என்று கொட்டிலை ஒட்டியே போடுவது வழக்கம். எங்கள் வீட்டில் போர் 60 அடி தள்ளி இருக்கிறது. "இவ்வளவு தூரம் யார் சுமக்கிறது?" என்று வீட்டம்மா இன்றைக்கும் கேட்கிறார். இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் கொட்டிலில் வைத்துக்கொள்கிறோம். கோடையில் காற்று வீட்டைக் கடந்து போருக்குப் போகணும். போரைக் கடந்து வீட்டுக்கு வரக்கூடாது. மின்கம்பிக்கு அடியில் போடவே கூடாது. ஒரே பெரிய போராகப் போடாமல் இடைவெளி விட்டு இரண்டாகப் போட்டால், ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும். சுற்றிலும் பத்தடி அகலத்துக்குச் சருகு இல்லாமல் செதுக்கி வையுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டியும் காய்ந்த மூடாக்கு வேண்டாம். அங்கே வாழையோ கீரையோ பச்சையாக நிற்கட்டும்.

பொறியே இல்லாமலும் போர் எரியலாம். நாம் கம்போஸ்ட் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்திருக்கிறோம், சுடும். அது நுண்ணுயிர்கள் வேலை செய்கிற சூடு, 60 டிகிரிக்கு மேலும் போகும். ஈரம் காயாத வைக்கோலை இறுக்கிப் போட்டாலும் இதே வேலைதான் உள்ளே நடக்கிறது. கம்போஸ்டைப் புரட்டிவிடுகிறோம், போரை யாரும் புரட்டுவதில்லை. சூடு 70 டிகிரியைத் தாண்டினால் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். ஆனால் அதற்குப் பிறகு வைக்கோலே காற்றோடு வினைபுரிந்து தானாகச் சூடேறிக்கொண்டு போகும். குறுவை அறுப்பு மழையில் மாட்டினால், இல்லை பனி ஈரத்தோடு மெஷினில் கட்டுக் கட்டினால், இந்த ஆபத்து உண்டு. போர் போட்ட முதல் சில வாரங்கள் கவனியுங்கள். புளித்த வாடையோ, கருகின வாடையோ, காலையில் ஆவியோ வந்தால் நீளமான இரும்புக் கம்பியை நடுவில் செருகி, 20 நிமிஷம் கழித்து உருவிப் பாருங்கள். கையால் பிடிக்க முடியாத சூடு என்றால் அவசரப்பட்டுப் பிரித்துவிடாதீர்கள். உள்ளே காற்றுப் புகுந்ததும் குப்பென்று பற்றும். மேலே ஏறவும் கூடாது, உள்ளே வெந்து குழிவாகியிருக்கலாம். 101-க்குப் போன் போட்டு, தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கை வைக்கணும்.

கொட்டிலில் பிரச்சினை சாயங்கால மூட்டம். கொசுவுக்கு வேப்பிலை போடுவது சரி, அதைத் தரையில் போடாமல் விளிம்பு உயர்ந்த இரும்புச் சட்டியில் போட்டு, படுக்கப் போகும்முன் தண்ணீர் ஊற்றி அணைக்கணும். மாட்டைக் கட்டும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்கிற உருவு முடிச்சாக இருக்கட்டும். வாசலுக்கு வெளியே ஓர் அரிவாளும் எப்போதும் தொங்கட்டும். அவிழ்த்த மாடு பயத்தில் பழகின கொட்டிலுக்கே திரும்ப ஓடும், படலைச் சாத்திவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பலரும் போரை நம்பியிருக்கிறார்கள். தீ என்றதும் மெயினை நிறுத்துவோம், மோட்டாரும் நின்றுபோகும். அதனால் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்குகிற ஒரு குழாயும், கொட்டில் எட்டுகிற நீளத்துக்கு ஓஸும் வேண்டும். ஜீவாமிர்த டிரம்முக்குப் பக்கத்தில் வெறும் தண்ணீரோடு இன்னொரு 200 லிட்டர் டிரம் வையுங்கள். (ஆத்திர அவசரத்துக்கு ஜீவாமிர்தத்தையும் ஊற்றலாம், குற்றமில்லை.) கூரையில் விழுகிற பொறிக்குப் பஞ்சகவ்யம் அடிக்கிற கைத்தெளிப்பானே நன்றாக உதவும்.

கேஸ் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை நிறுத்தி மூடியால் மூடணும்.

தீக்காயத்தில் மட்டும் நம்ம ஆட்களோடு எனக்குச் சண்டை உண்டு. கைவைத்தியத்தில் எனக்கும் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் சுட்ட இடத்தில் உடனே மஞ்சள், நெய், மாவு, பேஸ்ட் எதுவும் வேண்டாம். 20 நிமிஷம் குழாய்த் தண்ணீர், அவ்வளவுதான். ஐஸும் கூடாது. ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல், சுத்தமான வேட்டித் துணியால் தளர்வாக மூடி, பெரிய காயமென்றால் 108. உடுத்திய துணியில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது, படுத்து உருளணும். இதைப் பேரப் பிள்ளைகளுக்குச் செய்தே காட்டுங்கள்.

இனி என் பழைய தொழில். பீரோ இரும்பு என்பதால் பத்திரம் பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோம். வெளியே தீ சூடேற்றினால் உள்ளே காகிதம் கருகிவிடும். மூலப் பத்திரம் எரிந்துபோய்க் கடன் கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும், ஆனால் போலீஸ் புகார், பத்திரிகை அறிவிப்பு என்று அலைந்த பிறகும் மேனேஜர் தயங்குவார். மூலப் பத்திரத்துக்கு இடம் வங்கி லாக்கர். பட்டா, சிட்டாவை ஆன்லைனில் திரும்ப எடுக்கலாம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கடனில் வாங்கிய மாட்டுக்குப் பெரும்பாலும் காப்பீடு இருக்கும். காதுத் தோடு இல்லாவிட்டால் பணம் வராது. விழுந்திருந்தால் இன்றைக்கே தெரிவித்து மறுதோடு போடுங்கள். தீயில் மாடு இறந்தால் மனசு தாங்காமல் உடனே புதைத்துவிடுகிறார்கள். போட்டோ, கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று, தோடு மூன்றும் வேண்டும். தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையும் வாங்கிவிடுங்கள். சிலிண்டர் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்களே காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன, நாம் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்கணும். கூரை வீடு எரிந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், வருவாய்த் துறை நிவாரணம் உண்டு.

கடைசியாக ஒன்று. 101-க்குப் போன் போட்டால் "எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பதற்றத்தில் ஊர் பேர்கூட வராது. எந்த ரோடு, எந்தப் பாலம் தாண்டி எந்தப் பக்கம் திரும்பணும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். வெளியே ஓடி வந்ததும் எல்லோரும் சேர வேண்டிய மரம் எது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். நிலையத்தில் கேட்டால் ஊருக்கே வந்து செய்து காட்டுவார்கள். அன்றைக்கு அவர்கள் வண்டி உங்கள் கேட்டுக்குள் நுழைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.