பித்தநாளத்தின் உட்சுவர்

நம் உடலிலுள்ள சுரப்பிகளுள் மிகப் பெரியது கல்லீரல். அதில் ஊறும் பித்தநீர், பித்தநாளத்தின் வழியே குடலை அடைந்து கொழுப்புச் செரிக்க உதவுகிறது. இந்நாளத்தின் உட்சுவர் ஒரே வரிசைச் செல்களால் ஆனது. சாதாரணமாக இச்செல்கள் அரிதாகவே பிரிகின்றன.

பித்தக்கல் நாளத்தை அடைத்தால் பித்தநீர் தேங்கும். குடலிலுள்ள ஈ கோலை போன்ற பாக்டீரியாக்கள் மேலேறி அங்கே பெருகும். அவற்றின் புறச்சுவரில் எண்டோடாக்சின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அதனை உணர்ந்ததும் நாளச் செல்கள் இன்டர்லியூக்கின்-6 என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. "பெருகுக!" என்று கட்டளையிடுவது இதுவே. செல்கள் பிரிந்து புண்ணை ஆற்றுகின்றன.

இது நன்மையே. ஆனால், அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அக்கட்டளையும் ஓய்வதில்லை. நாளம் தடித்துத் தழும்பேறும்; ஓயாது பிரியும் செல்களில் பிழைகள் சேர்ந்து புற்றுநோயும் தோன்றலாம். வடகிழக்குத் தாய்லாந்தில், வேகாத நன்னீர் மீனோடு உடலில் புகும் கல்லீரல் புழு இத்தகைய நீண்ட அழற்சியை உண்டாக்குகிறது. அங்கே பித்தநாளப் புற்றுநோய் மிகுதி.

ஆகவே தோழியரே, குளிர்காய்ச்சல், வலப்புற மேல்வயிற்று வலி, மஞ்சள் காமாலை மூன்றும் சேர்ந்து வந்தால், கீழாநெல்லியே போதுமென்று வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்வோம். காலத்தில் அடைப்பை நீக்கினால் உட்சுவர் தானே சீராகும்.