இலுப்பை விதையிலிருந்து எண்ணெய் எடுத்தலும் அதனைச் சோதித்தலும்

இலங்கையின் உலர் வலயத்திலே குளக்கரைகளிலும் ஆற்றோரங்களிலும் கோயில் வீதிகளிலும் இலுப்பை மரம் தொன்றுதொட்டு நின்று வருகின்றது. மன்னார் மாவட்டத்து இலுப்பைக்கடவை போன்ற ஊர்ப் பெயர்கள் இம்மரத்துக்கும் மக்களுக்கும் உள்ள பழந்தொடர்பைக் காட்டும். இதன் விதையிலிருந்து பெறும் எண்ணெய் கோயில் விளக்குகளுக்கும், மருந்து வகைகளுக்கும், சவர்க்காரஞ் செய்வதற்கும் உதவுகின்றது. முற்காலத்திற் பலகாரஞ் சுடுவதற்கும் இதனைப் பயன்படுத்தினர்.

ஒரே செக்கில் ஆட்டிய இலுப்பையெண்ணெயில் ஒருவருடையது இளமஞ்சள் நிறத்துடன் தெளிவாகவும், மற்றொருவருடையது கபில நிறத்துடன் புளித்த மணமுடையதாகவும் இருப்பதுண்டு. இத்தகைய வேளையிற் செக்குக்காரரையே குறை கூறுதல் வழக்கம். உண்மையில் எண்ணெயின் தரம் பெரும்பாலும் செக்கிற்குப் போகுமுன்னரே தீர்ந்துவிடுகின்றது. விதையைப் பொறுக்கிய நாள் முதல் உலர்த்தி வைத்த நாள் வரை அதற்கு நேர்ந்தவற்றையே எண்ணெய் காட்டுகின்றது.

எண்ணெய் கெடுவதன் காரணம்

எண்ணெய் என்பது கிளிசரினும் கொழுப்பமிலங்களும் சேர்ந்து அமைந்த ஒரு பொருள். விதையினுள்ளே இக்கூட்டைப் பிரிக்கவல்ல நொதியம் ஒன்று இயற்கையாகவே உண்டு. விதை முளைக்கும்போது இளஞ்செடிக்கு உணவளிப்பதே அதன் தொழில். ஈரமும் வெப்பமும் கிடைத்தால், விதை முளையாதபோதும் அந்நொதியம் வேலை செய்யத் தொடங்கும். ஈர விதையிற் படரும் பூஞ்சணமும் இதற்குத் துணைபுரியும். இவ்வாறு பிரிந்து நிற்கும் அமிலம் சுயாதீனக் கொழுப்பமிலம் எனப்படும். இது மிகுந்த எண்ணெய் விளக்கிலே திரியைக் கருக்கும். பித்தளையிற் பச்சைக் களிம்பு படியச் செய்யும். சுத்திகரிக்கும்போது பெருநட்டத்தை உண்டாக்கும். ஒருமுறை பிரிந்த அமிலத்தை வடிகட்டியோ வெயிலில் வைத்தோ நீக்க முடியாது. ஆகையால் வருமுன் காத்தலே வழி.

விதை சேகரித்தல்

வௌவால்கள் இலுப்பைப் பழத்தின் சதையைத் தின்று விதையை மரத்தடியிற் போட்டுவிடும். தாமாகவே விழும் பழங்களும் உண்டு. மரத்தடியை முன்னதாகவே கூட்டித் துப்புரவாக்கி, விழுந்தவற்றை நாள்தோறும் பொறுக்குதல் வேண்டும். பல நாட்கள் கிடந்து பனியிலும் மழையிலும் நனைந்த விதைகளைப் புதியவற்றுடன் கலத்தலாகாது. ஒரு கடகம் கெட்ட விதை ஒரு சாக்கு நல்ல விதையின் தரத்தையுங் குறைத்துவிடும். சதை ஒட்டியிருக்கும் விதைகளைக் குவித்து வைத்தால் அவை புளித்துச் சூடேறும். எனவே அன்றன்றே சதையை நீக்கிப் பரப்புதல் வேண்டும்.

ஓடு நீக்கலும் உலர்த்தலும்

விதையின் பளபளப்பான கபில நிற மேலோட்டை மரக்கட்டையால் மெல்லத் தட்டி உடைத்துப் பருப்பை எடுக்கலாம். நொறுங்கிய பருப்பு முழுப்பருப்பிலும் விரைவிற் கெடுமாகையால், அளவுக்கு மிஞ்சி நசுக்குதல் கூடாது. பருப்பைப் பாயிலோ சீமெந்துத் தரையிலோ மெல்லிய படையாகப் பரப்பி, இடையிடையே கிளறிவிட்டு, மாலையிற் பனி படாதவாறு உள்ளே எடுத்தல் வேண்டும். வெறுந்தரையில் உலர்த்தினால் மண்ணும் ஈரமும் சேரும்.

நெல்லை நூற்றுக்கு 13 அல்லது 14 பங்கு ஈரத்துடன் சேமிக்கலாம். அவ்வளவு ஈரத்துடன் இலுப்பைப் பருப்பையும் வைக்கலாம் என எண்ணுதல் தவறு. உலர்ந்த பருப்பின் நிறையில் ஏறக்குறையப் பாதி எண்ணெயாகும். எண்ணெய் நீரை ஏற்காது. எனவே 100 கிராம் பருப்பில் 7 கிராம் நீர் இருப்பின், அந்நீர் முழுவதும் எண்ணெயல்லாத 50 கிராமிலேயே தங்கியிருக்கும். அப்பகுதிக்கு அது நூற்றுக்கு 14 பங்காகும். ஆதலால் பருப்பின் ஈரத்தை நூற்றுக்கு 6 பங்கு அளவுக்குக் குறைத்தல் நன்று.

கருவிகள் இல்லாதோர் பின்வருமாறு செய்யலாம். ஒரு கிலோகிராம் பருப்பை ஒரு துணிப்பையில் வேறாக அடையாளமிட்டு வைத்து, மற்றவற்றுடன் நாள்தோறும் உலர்த்தி மாலையில் நிறுத்துப் பார்க்க. நல்ல வெயிலில் ஒரு நாள் முழுவதும் உலர்த்தியும் நிறை குறையாது நின்றால் போதிய அளவு உலர்ந்ததெனக் கொள்ளலாம். நன்கு உலர்ந்த பருப்பு வளையாது, ஓசையுடன் முறியும். சூடு ஆறிய பின்னரே சாக்கிற் கட்டுதல் வேண்டும். வடகீழ்ப் பருவ மழை தொடங்குமுன் பருப்பை ஆட்டி முடித்தல் மிக நன்று. மாரியில் வைத்திருந்த பருப்பு காற்றிலுள்ள ஈரத்தை மீண்டும் ஏற்கும். பூஞ்சணம் பிடித்தவற்றைத் தெரிந்து நீக்குக.

எண்ணெய் எடுத்தல்

செக்கில் முன்னர் ஆட்டிய பண்டத்தின் எச்சத்தை முற்றாக நீக்கிய பின்னரே பருப்பை இடுதல் வேண்டும். எண்ணெய் பிரிவதற்காகச் சிறிதளவு வெந்நீர் தெளிப்பதுண்டு. அது மிகுந்தால் நீர் எண்ணெயோடு கலந்து பின்னர் கேடு விளைக்கும். பருப்பிலுள்ள எண்ணெய் முழுவதும் செக்கில் வந்துவிடாது; ஒரு பகுதி பிண்ணாக்கிலே தங்கும். ஒவ்வொரு முறையும் பருப்பு, எண்ணெய், பிண்ணாக்கு ஆகிய மூன்றின் நிறையையும் குறித்து வைத்தால், எத்தகைய உலர்த்தலில் எவ்வளவு கிடைத்தது என்பது தெளிவாகும்.

எடுத்த எண்ணெயை மூடிய பாத்திரத்திற் சில நாட்கள் அசையாது வைத்து, தெளிந்ததை வடித்து, மென்சூட்டில் நுரை அடங்கும் வரை காய்ச்சி, துணியால் வடிகட்டுக. நீரற்ற போத்தலில் அல்லது தகரத்தில் வாய்வரை நிரப்பி, ஒளி படாத இடத்தில் வைக்க. செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் எண்ணெய் காறுவதை விரைவுபடுத்துமாதலால் சேமிப்பதற்கு ஏற்றனவல்ல.

வீட்டிற் செய்யக்கூடிய சோதனைகள்

தெளிவு: எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் ஒரு நாள் வைத்து அடியில் மண்டி படிகின்றதா எனப் பார்க்க. குளிர்ந்த வேளையில் இலுப்பையெண்ணெய் உறைவது இயல்பு. அதனைக் கலப்படம் எனக் கருதாது, போத்தலை வெந்நீரில் நிறுத்தி உருக்கிய பின்னர் பார்த்தல் வேண்டும்.

ஈரம்: சிறு கரண்டியில் எண்ணெயை மெல்லச் சூடாக்குக. வெடித்துத் தெறித்தால் நீர் உண்டு.

விஞ்ஞானகூடத்திற் செய்யும் சோதனைகள்

அமிலத்தின் அளவை மணத்தால் மட்டும் அறிய முடியாது. பாடசாலை விஞ்ஞானகூடத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் இதனை அளக்கலாம். உருக்கிய எண்ணெயில் 5 கிராமை நிறுத்துக் குடுவையில் இடுக. முன்னரே நடுநிலையாக்கிய சூடான அற்ககோலில் 50 மில்லிலீற்றர் சேர்த்து, பினோத்தலீன் சில துளிகள் விடுக. பின்னர் பத்திலொரு நோமல் வலுவுள்ள எரிசோடாக் கரைசலை அளவியிலிருந்து துளிதுளியாக விட்டு நன்கு குலுக்குக. இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடம் மாறாது நின்றதும் நிறுத்துக. செலவான ஒவ்வொரு மில்லிலீற்றரும், ஒலெயிக்கமிலமாகக் கணக்கிடுமிடத்து, நூற்றுக்கு 0.564 பங்கு சுயாதீன அமிலத்தைக் குறிக்கும். 10 மில்லிலீற்றர் செலவாயின் அமிலம் நூற்றுக்கு 5.64 பங்காகும். அற்ககோல் எளிதிலே தீப்பற்றுமாதலால் வெந்நீர்த் தொட்டியிலேயே சூடாக்குதல் வேண்டும். எரிசோடா கண்ணிலும் தோலிலும் படலாகாது.

கனிய எண்ணெய்க் கலப்படத்தை அறிதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு மில்லிலீற்றர் எண்ணெயை, அற்ககோலிற் கரைத்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டுடன் காய்ச்சினால் அது சவர்க்காரமாக மாறும். அதனுடன் சூடான நீரைச் சேர்க்கும்போது கரைசல் தெளிவாக இருப்பின் கனிய எண்ணெய் இல்லை. பால்போற் கலங்கினால் ஐயத்துக்குரியது. இச்சோதனைகள் எண்ணெய் உண்பதற்கு ஏற்றதென நிறுவமாட்டா. பூஞ்சணத்தாலுண்டாகும் நஞ்சுகளை இவை காட்டா.

பிண்ணாக்கின் உபயோகம்

இலுப்பைப் பிண்ணாக்கிலே சபோனின் என்னும் நுரைக்கும் நச்சுப்பொருள் உண்டு. அரப்பாகத் தலைமுழுக உதவுவது இதனாலேயே. இதே காரணத்தால் அதனை மாடு, ஆடு, கோழிகளுக்குத் தீனியாக இடலாகாது. மீன்களுக்கும் அது நஞ்சாகையால் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டுதல் கூடாது. நிலத்துக்குச் சேதனப் பசளையாக இடலாம்.

கமக்காரர் இரு சிறு குவியல்களை ஒரே நாளிற் பொறுக்கிய விதையிலிருந்து ஆயத்தஞ் செய்து, ஒன்றை உடனே உலர்த்தியும், மற்றதைச் சில நாட்கள் சாக்கிற் கட்டி வைத்த பின்னர் உலர்த்தியும், தனித்தனியே ஆட்டி அமிலத்தை அளந்து பார்ப்பாராக. விளக்குக்கு விற்கக்கூடிய எண்ணெய்க்கும், குறைந்த விலையிற் சவர்க்காரத்துக்குக் கொடுக்கவேண்டிய எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு அந்தச் சில நாட்களிலேயே பிறப்பதை அவர் தம் கண்ணாலேயே காண்பார்.