தெலுங்கு நாட்டில் ஒரு தமிழ்ப் பேராயர்

ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், இந்தியாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் அத்தியட்சர் பதவி ஆங்கிலேயர்க்கே உரியதாயிருந்தது. குருமாராகவும் உபதேசிமாராகவும் இந்தியர் பலர் உழைத்து வந்தனர். ஆயினும், இன்று பேராயர் என வழங்கும் அப்பதவி அவர்கட்கு எட்டாமலே இருந்தது. 1912ஆம் ஆண்டில் அவ்வழக்கை மாற்றிய முதல் இந்தியர் ஒரு தமிழர் ஆவார். திருநெல்வேலிச் சீமையில் தோன்றிய வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பாரே அவர். அன்னாரது வரலாறு ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. பிறர் கையை எதிர்பாராது வாழ விழையும் எந்தச் சமுதாயமும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இளமையும் கல்வியும்

அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் நாட்டுப்புறக் குரு. மகன் இளைஞராயிருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பயின்ற அசரியா, பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் பட்டம் பெறாமலே வெளியேறினார். பட்டமின்றிக் கல்லூரியை விட்ட அவருக்கே 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கிற்று.

1895 முதல் அவர் வாலிபர் கிறித்தவ சங்கத்தின் செயலாளராகித் தென்னாடெங்கும் சுற்றினார். 1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார். பெண்கள் கல்லூரிப் படியேறுதல் அரிதாயிருந்த அந்நாளில் உயர்கல்வி கற்றவர் அவ்வம்மையார்.

யாழ்ப்பாணத்தில் கற்ற பாடம்

1902ஆம் ஆண்டு அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கே தமிழ்க் கிறித்தவர்கள் தம் பொருளைத் திரட்டித் தம்மவரையே ஊழியத்துக்கு அனுப்பி வருவதைக் கண்டார். எண்ணிக்கையில் மிகுந்த திருநெல்வேலிக் கிறித்தவர் இன்னும் மேனாட்டாரின் உதவியையே நோக்கியிருப்பது அவர் நெஞ்சை உறுத்தியது. ஊர் திரும்பியவர் வாளாவிருக்கவில்லை. 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியர் பொருள், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிருவாகம் என்பன அதன் மூன்று கொள்கைகள். 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், வங்காளத்துச் சேராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டபோதும் அவர் முன்னின்றார்.

பிறரை அனுப்பிய அவர், தாமும் போதல் வேண்டும் என எண்ணினார். 1909இல் செயலாளர் பதவியை விடுத்துக் குருப்பட்டம் பெற்று, ஐதராபாத்து நிசாமின் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கலுக்குச் சென்றார். இன்று தெலங்கானாவில் உள்ளது அவ்வூர். முப்பத்தைந்து வயதில், பதவியில் உயர்ந்தபின், தெலுங்கு மொழியை அகரம் முதல் கற்றார். மக்களின் மொழி அறியாது மக்களுக்குத் தொண்டாற்றல் இயலாது என்பது அவர் துணிபு.

நட்பை வேண்டிய பேச்சு

1910இல் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு நடைபெற்றது. ஏறக்குறைய 1200 பேர் கூடிய அம்மாநாட்டில் ஆசிய நாட்டினர் ஒரு சிலரே இருந்தனர். அங்கே அசரியா மனம் திறந்து பேசினார். மேனாட்டு மிஷனெரிமார் இந்தியர்க்காகப் பொருளும் உயிரும் ஈந்ததை நன்றியோடு கூறியபின், அவர்கள் இந்தியரைச் சமமாக எண்ணிப் பழகுவதில்லை என்பதையும் சுட்டினார். எங்களுக்கு வேண்டுவது நட்பே என்பது அவர் கூற்றின் சாரம். அவையோருள் சிலர் முகஞ்சுளித்தனர். ஆனால் அப்பேச்சு மறக்கப்படவில்லை.

1912 திசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாப் பேராலயத்தில் அவர் அத்தியட்சராக அபிடேகம் பெற்றார். இந்தியர் ஒருவருக்குக் கீழ் வெள்ளையர் பணிபுரிவதா என்ற எதிர்ப்பு அதற்குமுன் எழாமலில்லை. அதனால் முதலில் அவருக்குக் கிடைத்தது சிறிய தோர்ணக்கல் திருமண்டலமே. அது பின்னர் விரிந்தது. ஆங்கிலக் குருமாரும் அவர் தலைமையின்கீழ்ப் பணியாற்றினர்.

ஊர்தோறும் ஆசிரியர்

அத்திருமண்டலத்து மக்களிற் பெரும்பாலோர் மாலர், மாதிகர் எனும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர், நிலமற்ற கூலிகள், எழுத்தறியாதோர். அசரியா மாட்டுவண்டியிலும் பிறவற்றிலும் ஊர் ஊராகச் சென்று அவர்களோடு பழகினார். சிற்றூர் ஆசிரியர்களையே தம் பணியின் தூண்களாகக் கொண்டார். ஆசிரியர் பகலிற் பிள்ளைகட்கு எழுத்தறிவித்து, மாலையில் வழிபாடு நடத்துவார். குருமாராகப் பயில வந்தோர் மனைவியரும் கல்வி பெற்றனர். பெண்களிடை நடந்த பணியில் அன்பு மரியம்மாள் முன்னின்றார். அசரியாவின் இறுதிக்காலத்தில் திருமண்டலத்துக் கிறித்தவர் தொகை இரண்டு லட்சத்தைக் கடந்திருந்தது.

1939 சனவரி 6ஆம் நாள் திறக்கப்பெற்ற தோர்ணக்கல் பேராலயம் அவர் உள்ளத்தைக் காட்டும். கோயில் மண்டபத் தூண்களும் இசுலாமியக் கட்டடக் கலைக்குரிய குவிமாடங்களும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன. கிறித்தவராவோர் இந்தியப் பண்பைத் துறத்தல் வேண்டா என்பதே அதன் பொருள்.

கருத்து வேற்றுமையும் ஒற்றுமையும்

ஒடுக்கப்பட்டோர் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. தம் சமயத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை ஏழைக்கும் உண்டு என்றார் அசரியா. இருவரும் இக்கருத்தில் ஒன்றுபட்டிலர். எனினும் கிறித்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை அசரியாவும் எதிர்த்தார். அது நாட்டைப் பிரிக்கும், திருச்சபையையும் கெடுக்கும் என அஞ்சினார்.

மேனாட்டார் விட்டுச்சென்ற சபைப் பிரிவினைகள் இந்திய மண்ணுக்குத் தேவையற்றவை என்பது அவரது உறுதியான எண்ணம். 1919இல் தரங்கம்பாடியில் 33 பேர் கூடிச் சபை ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தனர். அவருள் 31 பேர் இந்தியர். அக்கூட்டத்தின் தலைவர்களுள் அசரியா ஒருவர். 1945 சனவரி முதல் நாள் அவர் மறைந்தார். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. இருபத்தாறு ஆண்டு உழைத்தவர் அதைக் காணும் பேறு பெறவில்லை.

அசரியா மறையும்வரை, இந்திய ஆங்கிலிக்கன் திருச்சபையில் திருமண்டலம் ஒன்றை ஆண்ட இந்திய அத்தியட்சர் வேறு எவரும் இலர். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒருவர் திறம்பட நடத்திக் காட்டியும், கதவு மற்றவர்க்கு எளிதில் திறக்கவில்லை. ஆயினும் அவர் மனம் கசந்து ஒதுங்கியதாகக் காணோம். சிற்றூர் ஆசிரியரைப் பயிற்றுவதிலும், எழுத்தறியாதார்க்கு எழுத்தறிவிப்பதிலும் தம் நாளைச் செலவிட்டார். தலைமை கேட்டுப் பெறுவதன்று; தகுதியால் நிலைநாட்டப் பெறுவது என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.